துளைக்கும் துளைக்கும் நடுவே

ஓயு தொல்கோய் என்றால் மங்கோலிய மொழியில் பசும்நீலக் குன்று. கோபிப் பாலைவனத்தின் தென்பகுதியில், சீன எல்லைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் இருக்கிறது. செம்புத் தாது மண்ணுக்கு மேலே வந்து காற்றும் ஈரமும் பட்டால் பச்சையும் நீலமுமாகப் பூத்துவிடும். அதைப் பார்த்து வெண்கலக் காலத்து மனிதர்களே அங்கே தோண்டியிருக்கிறார்கள். மங்கோலிய நிலவியலாளர் கரம்ஜாவ் 1980-களிலேயே அந்த இடத்தைப் பார்த்து வைத்திருந்தார். 1996-ல் மேக்மா காப்பர் குழுவை அங்கே அழைத்துப் போனவரும் அவரே. அந்தக் கம்பெனியை அப்போதுதான் பிஹெச்பி வாங்கியிருந்தது. பிஹெச்பி மொத்தம் 23 துளைகள் போட்டது. தாது இருக்கிறது, ஆனால் கம்பெனியின் பசிக்குப் போதாது என்று முடிவு செய்து 1999-ல் மங்கோலியாவை விட்டே கிளம்பியது. பிறகு வந்த ஐவன்ஹோ நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள் போட்டும் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. 2001-ல் போட்ட 150-ஆம் எண் துளையில்தான் கதை மாறியது. தொடர்ச்சியாக 508 மீட்டர் நீளத்துக்குத் தாது. செம்பு 0.81 சதவீதம், தங்கம் டன்னுக்கு 1.17 கிராம். அடுத்த ஆண்டு, இன்னும் வடக்கே, இன்னும் ஆழத்தில், அதைவிடப் பெரிய ஹியூகோ டம்மெட் படிவு அகப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக விடாமுயற்சி என்று தலைப்பு வைத்துவிடுவார்கள். எனக்கு இதில் வேறொன்று உறுத்தும். 23 துளை போட்ட பிஹெச்பி ஆட்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களிடமும் ஒரு படம் இருந்தது. துளைகளுக்கு நடுவே என்ன இருக்கும் என்று அவர்கள் வரைந்த படம். கம்பெனி ஊரை விட்டுப் போனது அந்தப் படத்தை நம்பித்தான். சுரங்கத் தொழிலில் பணம், சண்டை, மானம் எல்லாமே இந்த நடுவில் இருக்கும் இடத்தைப் பற்றியதுதான்.

நம் ஊர் ஆட்களுக்கு இதைப் புரியவைக்க போர்வெல் போதும். பக்கத்து வீட்டில் 300 அடியில் தண்ணீர். எதிர்வீட்டில் 320. நடுவில் இருக்கிற நம் மனைக்கு எவ்வளவு? 310 என்று மனசு சொல்லும். சேலம், தருமபுரிப் பக்கம் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கடினப் பாறையில் தண்ணீர் வெடிப்புகளில் ஓடுகிறது. நம் மனைக்குக் கீழே அந்த வெடிப்பு வராமலே போகலாம். 800 அடி போட்டும் புழுதி பறக்கும். சராசரி போட்டுப் பார்க்கும் மனசுக்குப் பாறையின் கதை தெரியாது. சுரங்க மென்பொருளின் சிக்கலும் இதேதான். என்ன, கணக்கு கொஞ்சம் பெரிசு.

பாலைவனச் சுரங்கங்களில் நிலவியலாளர்களுக்கு இந்த மாடலிங் மென்பொருளைச் சொல்லிக்கொடுப்பது பல வருடம் என் பிழைப்பாக இருந்தது. அதன் வரலாற்றை ஒழுங்காகப் படித்தது பிழைப்பு முடிந்த பிறகுதான். அப்படிப் படித்தபோது எடுத்த குறிப்புகளைத்தான் கோத்துத் தருகிறேன்.

கணக்கு தொடங்கிய இடம் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்கள். டானி க்ரிகே என்ற சுரங்கப் பொறியாளர் 1951-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விநோதத்தைக் காட்டினார். சுரங்கப் பாதையின் சுவரில் மாதிரி எடுத்து, 'இந்தக் கட்டை நல்ல தரம்' என்று குறித்து வெட்டினால், வெளியே வருகிற தங்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 'இது மட்டம்' என்று குறித்த கட்டைகளிலோ எதிர்பார்த்ததைவிட அதிகம். யாரும் ஏமாற்றவில்லை. முதல் தேர்வில் 98 வாங்கிய பையன் அடுத்த தேர்வில் பெரும்பாலும் கொஞ்சம் இறங்குவான் அல்லவா, அந்த மாதிரி. ஒரு கைப்பிடி மாதிரி மிக உயர்ந்த தரம் காட்டினால் அதில் பாதி அதிர்ஷ்டம். அதைச் சுற்றியுள்ள மாதிரிகளையும் சேர்த்து, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று நிதானமாகக் கணக்குப் போட வேண்டும் என்றார் க்ரிகே.

அதைக் கோட்பாடாக மாற்றியவர் ஜார்ஜ் மாத்தெரோன் என்ற பிரெஞ்சுக்காரர். மாற்றிய இடம் அல்ஜீரியா. 1954-ல் பிரெஞ்சு அரசின் கனிம ஆய்வு அலுவலகத்தில் வேலைக்காக அங்கே போனார். அதே 1954 நவம்பரில்தான் அல்ஜீரிய விடுதலைப் போர் வெடித்தது. மாத்தெரோனின் கேள்வி எளிமையானது. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு கல் துண்டுகள் ஒன்றுபோல இருக்கும். பத்து மீட்டர் தள்ளினால் ஒற்றுமை குறையும். எவ்வளவு தூரம் போனால் அவை முழு அந்நியர்கள் ஆகிவிடும்? அந்தத் தூரத்தைத் தாதுவிடமே கேட்டு வரைகிற கோட்டுக்கு வேரியோகிராம் என்று பெயர். எடை போட்டு மதிப்பிடும் முறைக்குத் தென்னாப்பிரிக்கரின் நினைவாகக் க்ரிகிங் என்று பெயர் வைத்தார். அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1962-ல் வந்தது. 1962-ல்தான் அல்ஜீரியா விடுதலை அடைந்தது.

இந்த இரண்டு தேதிகளும் ஒன்றாக வருவது தற்செயல்தான், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். ஆனால் விளைவு தற்செயல் அல்ல. அல்ஜீரியப் பாறையில் பிறந்த கணக்கு பாரிசுக்குப் பக்கத்தில் ஃபோந்தேன்புளோவில் குடியேறியது. 1968-ல் மாத்தெரோனுக்காக அங்கே ஓர் ஆய்வு மையம் உருவானது. பிறகு ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் நிலவியலாளர்கள் அதைக் கற்க அங்கே போனார்கள். தாது ஓரிடம், தாதுவைப் பற்றிய கணக்கு வேறிடம் என்கிற ஏற்பாடு அப்போதே தொடங்கிவிட்டது.

இன்னொரு பாலைவனம், இன்னொரு பாடம். மேற்கு ஆஸ்திரேலியாவில் கிரேட் விக்டோரியா பாலைவனத்தின் ஓரம் லாவர்டன் என்ற சின்ன ஊர். அதன் அருகே விண்டாராவில் 1969-ல் போசைடன் என்ற கம்பெனிக்கு நிக்கல் கிடைத்தது. செப்டம்பரில் 80 சென்டுக்குக் கிடந்த பங்கு அடுத்த பிப்ரவரியில் 280 டாலரைத் தொட்டது. விற்கப்பட்டது நிக்கல் அல்ல, நடுவில் இருக்கும் இடத்தைப் பற்றிய கற்பனை. போசைடனைப் பார்த்து முளைத்த மற்ற கம்பெனிகள் பலவற்றில் துளையே சரியாக இல்லை, கற்பனை மட்டும் இருந்தது. 1974-ல் சுரங்கம் உற்பத்திக்கு வந்தபோது நிக்கல் காலம் போச்சு. 1976-ல் போசைடனின் பங்கே சந்தைப் பட்டியலில் இல்லை.

அந்த அவமானத்தில் பிறந்ததுதான் ஜோர்க் எனப்படும் ஆஸ்திரேலிய விதித்தொகுப்பு. 1971-ல் குழு அமைந்தது, 1989-ல் விதிகள் வந்தன. அதில் எனக்கு மிகப் பிடித்தது ஒரே ஒரு ஏற்பாடு. பூமிக்குள் இவ்வளவு தாது இருக்கிறது என்று பங்குச் சந்தைக்குச் சொல்ல வேண்டுமானால் பெயர் தெரிந்த ஒரு மனிதர் பொறுப்பேற்க வேண்டும். அந்த வகைத் தாதுவில் குறைந்தது ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். கேள்வி கேட்டுக் கழுத்தைப் பிடிக்கக்கூடிய தொழில்முறை அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். கம்பெனி சொன்னது, கம்ப்யூட்டர் சொன்னது என்று நழுவ முடியாது. இந்தக் கையெழுத்துதான் விஷயம். பின்னால் இதற்கு வருகிறேன்.

1981-ஐ மென்பொருள் ஆண்டு என்றே சொல்லலாம். லண்டனில் டேட்டாமைன், பெர்த்தில் சர்பேக், சிட்னியில் மேப்டெக் மூன்றும் அந்த ஓராண்டில் தொடங்கியவை. ஐந்து வருடம் கழித்துப் பெர்த்திலேயே மைக்ரோமைன். அதுவரை நிலவியலாளர் வேலை எப்படி என்றால், துளைகளை வரிசையாக வெட்டிப் பார்ப்பதுபோல ஒரு குறுக்கு வெட்டுப் படம், 50 மீட்டர் தள்ளி இன்னொன்று என்று டிரேசிங் காகிதத்தில் பென்சிலால் வரைவார். தாது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லைக்கோடு போடுவார். பிறகு அடுக்கடுக்காக வைத்துக் கன அளவைக் கணக்கிடுவார். மென்பொருள் வந்தபின் அதே கோட்டைத் திரையில் போட்டார்கள். கோடுகளைச் சின்னச் சின்ன முக்கோணங்களால் தைத்தால் தாது ஒரு முப்பரிமாண உருவமாக நின்றது. அதைச் செங்கல் செங்கலாக வெட்டி ஒவ்வொரு செங்கலுக்கும் க்ரிகிங் போட்டு ஒரு தரம் கொடுத்தால் அதுதான் பிளாக் மாடல். வேகம் கூடியது. ஆனால் கோடு போடுவது இன்னும் மனிதக் கைதான்.

அந்தக் கையையும் எடுத்துவிட்டது 2000-களில் வந்த லீப்ஃப்ராக். நியூசிலாந்தில் பிறந்தது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்துக்காகச் செய்த உருவங்களை ஸ்கேன் செய்தபோது விழுந்த ஓட்டைகளை அடைக்க உதவிய கணக்கும் இதன் அடியிலுள்ள கணக்கும் ஒன்றே. ஆயிரம் துளைகளின் தகவலைக் கொட்டினால், கோடே போடாமல், சில நிமிடங்களில் வழவழவென்று ஓர் உருவம் திரையில் வந்து நிற்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். நானும் பிளந்திருக்கிறேன். வாரக்கணக்கில் ஆகும் வேலை மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டால் யாருக்குத்தான் இனிக்காது! புதுத் துளை வந்தவுடன் மாடலைத் திருத்த முடிகிறது, நாலு விதமாகப் போட்டுப் பார்க்க முடிகிறது. இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை.

நான் பயிற்சி கொடுத்த இடங்களில் ஒன்று கோபியில் இருந்த ஒரு செம்புச் சுரங்க முகாம். பெயர் வேண்டாம். ஜனவரி, வெளியே மைனஸ் முப்பது. கன்டெய்னரைத்தான் வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். மென்பொருளைத் திறக்க யூஎஸ்பி பூட்டு ஒன்று உண்டு. மொத்தம் மூன்றுதான் கொடுத்திருந்தார்கள், ஆள் ஒன்பது பேர். உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு வகை. உலான்பாத்தரில் படித்துவிட்டு வந்த இளைஞர்கள், ஆங்கிலம் பேசுவார்கள், மவுஸ் அவர்கள் கையில் பறக்கும். மற்றவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள், இர்குத்ஸ்கில் ரஷ்ய மொழியில் படித்தவர்கள்.

மூத்தவர்கள் பழகியது சோவியத் முறை. அதில் கையிருப்பை ஏ, பி, சி1, சி2 என்று தரம் பிரித்து, அரசு ஆணையத்தின் முன் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். எத்தனை மீட்டருக்கு ஒரு துளை, எந்த அளவில் வரைபடம், எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. 1978-ல் உற்பத்தி தொடங்கிய எர்தெநெத் செம்புச் சுரங்கம் அப்படி எழுந்ததுதான். மேற்கத்தியர்கள் அந்த முறையைக் கேலி செய்வதைக் கேட்டிருக்கிறேன். விலை, இலாபம் என்ற யோசனை அதில் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தப் பள்ளியில் பயின்றவர்கள் கல்லைப் பார்த்த மாதிரி நான் வேறு யாரையும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள், அவர்களுடைய சுரங்கத் துளைகளையே வைத்து மாடல் போட்டோம். பயிற்சிக்கென்று கழுவித் துடைத்துத் தரும் மாதிரித் தரவுகளை நான் கூடுமானவரை தொடுவதில்லை. அதில் எல்லாம் சரியாக வரும், அதனால் ஒன்றும் கற்க முடியாது. திரையில் ஒரு செம்பு உருவம் சோப்புக்கட்டி போல வந்தது. மூத்தவர்களில் ஒரு அம்மா எழுந்து வந்து, பக்கத்துப் பக்கத்து இரண்டு துளைகளைக் காட்டித் தலையை ஆட்டினார். இளைஞன் ஒருவன் மொழிபெயர்த்தான். "இது ஒண்ணு இல்லன்னு சொல்றாங்க, பக்‌ஷ்." பக்‌ஷ் என்றால் ஆசிரியர். இரண்டு துளையிலும் தரம் ஒரே மாதிரி இருக்கிறதே என்றேன். வாருங்கள் என்று கையைக் காட்டினார்.

கோர் கொட்டகைக்குப் போனோம். துளையிலிருந்து எடுத்த பாறை உருளைகளை நீளப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒரு பெட்டியை இழுத்து, கையுறையைக் கழற்றி, உள்ளங்கை அகலத்துக்கு இருந்த சாம்பல் நிறக் களிமண்ணை விரலால் காட்டினார். அரைபட்ட பாறை. பூமி அங்கே நழுவியிருக்கிறது. அந்தப் பக்கத்துத் தாது வேறு கதை, இந்தப் பக்கத்துத் தாது வேறு கதை, சரிந்து வந்து பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். துளைப் பதிவேட்டில் அது ஒரு வரியாக இருந்தது. தரப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. மென்பொருள் படித்தது தரப் பட்டியலை.

அறைக்குத் திரும்பியதும் அவர் கேட்ட கேள்வி, "இதை இந்த மிஷினுக்கு எப்படிச் சொல்றது?" எனக்குத் தெரிந்தவரை மாடலிங் பயிற்சி என்பது இந்த ஒரு கேள்விக்குப் பதில்தான். பிளவை ஒரு தளமாக வரைந்து, அதற்கு இருபுறமும் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்து, ஒரு பக்கத்து மாதிரி மறுபக்கத்துச் செங்கலுக்கு எடை கொடுக்காதபடி தடுக்க வேண்டும். மீதி வாரம் முழுக்க அதைத்தான் செய்தோம். சோப்புக்கட்டி இரண்டாக உடைந்து, கன அளவும் குறைந்தது. இளைஞர்கள் அந்த அம்மாவின் இருபுறமும் உட்கார்ந்து மவுஸைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பென்சிலால் காகிதத்தில் காட்ட, அவர்கள் திரையில் போட்டார்கள். நான் பெரும்பாலும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நடைமுறையில் இது அபூர்வம். தொழிலில் வழக்கமாக நடப்பது வேறு. பயிற்சி ஐந்து நாள், எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது, கடைசியில் சான்றிதழ், குழுப் படம். பிறகு சுரங்கத்தில் இருப்பவர்கள் கோரைப் பார்த்துத் தகவலை ஏற்றுவார்கள். மாடல் பெர்த்திலோ வான்கூவரிலோ லண்டனிலோ ஓர் அலுவலகத்தில் உருவாகும். அங்கே இருப்பவருக்குக் களிமண் உள்ளங்கையில் ஒட்டாது. இங்கே இருப்பவருக்கு மாடல் திறக்காது. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், செலவுக் கணக்குதான். ஆனால் அந்தச் செலவுக் கணக்கின் வட்டியை வேறு யாரோ கட்ட வேண்டியிருக்கிறது.

ஓயு தொல்கோய்க்குத் திரும்புகிறேன். அதில் 34 சதவீதம் மங்கோலிய அரசுடையது, 2009 ஒப்பந்தப்படி. திறந்தவெளிக் குழியிலிருந்து 2013-ல் ஏற்றுமதி தொடங்கியது. உண்மையான செல்வம் ஆழத்தில், ஹியூகோ டம்மெட்டில், தரைக்குக் கீழே 1,300 மீட்டரில் இருக்கிறது. அதை எடுக்கும் முறைக்கு பிளாக் கேவிங் என்று பெயர். அடியில் குடைந்துவிட்டால் மேலேயுள்ள தாது தன் கனத்தாலேயே நொறுங்கி விழும், கீழே அள்ளிக்கொள்ளலாம். பாறை எங்கே பலவீனம், பிளவுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது தெரியாமல் இதில் கால் வைக்க முடியாது. 2019 ஜூலையில், சுரங்கத்தை நடத்தும் ரியோ டின்டோ ஓர் அறிவிப்பு விட்டது. பாறையைப் பற்றிப் புதிதாகக் கிடைத்த தகவல்களால் வடிவமைப்பை மாற்ற வேண்டியிருக்கிறது, 16 முதல் 30 மாதம் தாமதமாகும், 530 கோடி டாலர் மதிப்பீட்டுக்கு மேல் 120 முதல் 190 கோடி டாலர் கூடும் என்றது.

துளைக்கும் துளைக்கும் நடுவே இருந்தது எதிர்பார்த்த மாதிரி இல்லை, அவ்வளவுதான் அந்த அறிவிப்பின் சாரம். அரசின் பங்குக்கான முதலீடு கடனாகவே ஏறிக்கொண்டிருந்ததால், தாமதத்தின் ஒவ்வொரு மாதமும் மங்கோலியாவின் கணக்கில் விழுந்தது. உலான்பாத்தரில் ஜனங்கள் கொதித்தார்கள். பாறைதான் காரணமா, நிர்வாகமா? சுயாதீன வல்லுநர் குழு ஒன்று 2021-ல் கொடுத்த அறிக்கை, பாறையைக் காரணம் காட்டிய விளக்கத்தை ஏற்கவில்லை. 2022 ஜனவரியில் சமரசம். மங்கோலியாவின் தலையில் ஏறியிருந்த சுமார் 240 கோடி டாலர் கடன் தள்ளுபடியானது. நிலத்தடி உற்பத்தி 2023 மார்ச்சில் தொடங்கியது.

அந்தச் சண்டையில் யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. என் கவனம் போவது ஒரு சின்ன விஷயத்தில். 34 சதவீதம் வைத்திருப்பவருக்கு அந்த மாடலைத் தானே திறந்து, ஒரு செங்கலைச் சுட்டி, 'இதற்கு இந்த எண் எந்தத் துளையிலிருந்து வந்தது?' என்று கேட்கத் தெரிந்த சொந்த ஆட்கள் எத்தனை பேர்? பங்குப் பத்திரம் பெட்டியில் இருக்கலாம். கேட்கத் தெரியவில்லையென்றால் விளக்கம் சொல்கிறவர் சொன்னதுதான் விளக்கம்.

கையெழுத்தைப் பற்றிச் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. கனிம அறிக்கை விதிகளுக்கென்று உலக அளவில் ஒரு குடும்பம் இருக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா முதலான நாடுகளின் தொகுப்புகள் அதில் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும். மங்கோலியா தன் சொந்தத் தொகுப்போடு 2014-ல் அதில் சேர்ந்தது. ஒரு மங்கோலிய நிலவியலாளர் தகுதி பெற்றுத் தன் பெயரில் பொறுப்பேற்க அதனால் வழி திறந்தது. அதில் இந்தியா இடம் பிடித்தது 2019-ல். இத்தனைக்கும் கோலாரில் 1880-களிலிருந்து நவீன முறையில் தங்கம் வெட்டிய நாடு நாம், அந்தக் குழிகளில் இறங்கியவர்களில் பெரும் பங்கு தமிழர்கள். கோலாரின் பழைய குறுக்கு வெட்டுப் படங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். குறிப்புகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன.